ஆற்றோர வசதியுள்ள வீடு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவது லோங்காங், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய். வீடு வாங்கிய நாளிலிருந்து அது லோங்காங்தான். மேல்தெருச் சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய், காலி பாட்டில்கள், பிய்ந்த செருப்பு, எப்போதாவது ஒரு உடும்பு, எல்லாம் அதில் போகும். அதை ஆறு என்று முதன்முதலில் அழைத்தது எங்கள் நகராண்மைக் கழகம்.

எந்தக் கழகம் என்று சொல்ல மாட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் கழகங்களுக்குப் பஞ்சமில்லை. படிக்கிறவர்கள் தங்கள் கழகம்தான் என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை.

ஒரு காலையில் பின்சந்தில் பெரிய பலகை ஒன்று முளைத்திருந்தது. பசுமை ஆற்றங்கரைத் திட்டம் என்று மலாயில் எழுதி, மீன்கொத்திப் பறவை படம் போட்டிருந்தார்கள். பலகைக்கு முன்பும் நாங்கள் மீன்கொத்தியைப் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இரும்பு வேலிக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். வரிசையாக மரக்கன்றுகள் நட்டார்கள். லோங்காங்கைப் பார்த்தபடி உட்கார்ந்து ரசிப்பதற்கு ஒரு பெஞ்சும் போட்டார்கள். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் அதில் உட்கார்ந்தவரை நான் இதுவரை கண்டதில்லை. தலைவர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டி, பிளாஸ்டிக் பையிலிருந்து மீன்குஞ்சுகளை விட்டார். எல்லாரும் கை தட்டினோம். மீன்களின் நலத்தைப் பிறகு யாரும் விசாரிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வீட்டு வரிக் கடிதம் வந்தது. வீட்டின் ஆண்டு மதிப்பு உயர்ந்துவிட்டதாம், அதனால் வரியும் உயர்கிறதாம். காரணத்தையும் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள்: ஆற்றோர வசதி, இயற்கைச் சூழல்.

நான் கஞ்சன் இல்லை. கூடுதல் வரியைக் கட்டிவிட்டு, கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, மறந்திருப்பேன். ஆனால் இதே ஆறு பெருமழையின்போது எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மாடியில்லாத தொடர்வீடு எங்களுடையது. இடுப்பளவு தண்ணீரில், சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்து, சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு, நானும் மனைவியும் படகுக்காகக் காத்திருந்தோம். அன்று முதல் மழை இரைச்சல் கேட்டால் அவள் கண்ணை மூட மாட்டாள். பகலானாலும் சரி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்கதவைத் திறந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள். பாதி சமையலில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பின்சந்தில் ஒரு தடுப்புச் சுவர் கட்டினால் அவள் தூங்குவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுவர் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் பொறியியல் பிரிவிலிருந்து ஒரு பதில் வந்தது: உங்கள் சந்தில் வெள்ளம் புகுந்ததாக எங்களிடம் பதிவு எதுவும் இல்லை.

நான் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். காகிதத்தில் இல்லாத பெட்டி கப்பலிலும் இல்லை; அது காலில் விழுந்து எலும்பு முறிந்தாலும் இல்லை. அதனால் எனக்கு அந்தப் பதில் புரிந்தது. இந்த வீட்டில் வெள்ளம் வரும் என்று கழகத்தின் ஆள் யாராவது, கழகத்தின் காகிதத்தில், ஒரு வரி எழுதியாக வேண்டும்.

அதற்கான வழியை அந்த வரிக் கடிதமே காட்டியது. வெள்ளத்தைப் பற்றிப் புகார் செய்தால் வருஷக்கணக்கில் சத்தம் இருக்காது. வரியை எதிர்த்து ஆட்சேபம் போட்டால் இரண்டு வாரத்தில் அதிகாரியே வீட்டுக்கு வருவார். நான் ஆட்சேபப் படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘வெள்ளம் புகும் வீடு’ என்று அச்சு எழுத்தில் எழுதி அனுப்பினேன். நாள் குறித்துக் கடிதம் வந்தது. நேரில் பார்த்து மதிப்பிட வருகிறார்களாம். துள்ளிக் குதிக்காத குறைதான்.

என்னிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. கூடத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், நான்கு பக்கமும் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. படம் எடுத்த கைப்பேசி தண்ணீரோடு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் வீட்டை விற்கப் பார்க்கிறார், இன்னொருவர் வாடகைக்கு ஆள் தேடுகிறார். அவர்கள் கணக்கில் எங்கள் சந்தில் தூறல்கூட விழுந்ததில்லை. அதனால் அந்தக் கோட்டை நான் பத்திரமாகக் காப்பாற்றி வந்தேன். தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட் அடிக்க வேண்டும் என்பாள் மனைவி, கூடாது என்பேன் நான். எங்கள் வீட்டுத் தீபாவளி அந்தச் சண்டையில்தான் தொடங்கும்.

அதிகாரி வருவதற்கு முந்தைய வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் தம்பி வீட்டில் காதுகுத்து. இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு வந்தேன். வாசலில் காலணியைக் கழற்றும்போதே வாசனை தெரிந்துவிட்டது.

கூடம் முழுக்க வெளிர்பச்சை. பசுமைத் திட்டத்துக்குப் பொருத்தமான நிறம்தான். புதுத் திரைச்சீலை. சோபாவுக்கு உறை. தரை பளபளத்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கவர்மென்ட் ஆளு வீட்டுக்கு வரப்போறாங்க. அந்த அழுக்குச் சுவத்தக் காட்டி உக்கார வைக்கச் சொல்றீங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. தவறு என்னுடையதும்தான். அந்தக் கோடு எதற்கு என்று அவளிடம் நான் விளக்கிச் சொன்னதே இல்லை. துறைமுகத்து ரகசியம்போல் வைத்துக்கொண்டிருந்தேன். அதோடு, எங்கள் ஆட்களுக்கு யார் வந்தாலும் விருந்தாளிதான். வீட்டை மட்டமாகக் காட்ட வேண்டிய ஒரே ஒரு நாளில்கூட மட்டமாகக் காட்ட வராது.

வந்தவர் ஒரு தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் டேப்லட். மனைவி உளுந்து வடையும் தேங்காய்ச் சட்னியும் வைத்து, அவருடைய கம்பம், அதாவது சொந்த ஊர், எது என்று விசாரித்தாள். டெங்கில் என்று தெரிந்ததும் அங்கிருக்கும் தன் சொந்தக்காரர்கள் எல்லாரையும் வரிசையாகச் சொன்னாள்.

“ஆன்டி, வீட்ட ரொம்ப அழகா வச்சிருக்கீங்க லா.”

“எல்லாம் புதுசும்மா. டைல்ஸ்கூட இத்தாலி டிசைன்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“மேடம், இந்த வீட்டுல தண்ணி வந்துச்சு. இந்த உயரத்துக்கு. இப்பதான் பெயின்ட் அடிச்சிட்டாங்க.”

அவர் சுவரைப் பார்த்தார், டேப்லட்டைப் பார்த்தார், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அங்கிள், இதுல சுவத்துல நீர்த்தடம், உண்டு, இல்லைன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. நான் கண்ணால பாக்குறததான் டிக் பண்ண முடியும்.”

“இந்த பிளக் பாயின்ட்ட பாருங்க. எல்லாம் நெஞ்சு உயரத்துக்கு ஏத்திட்டோம். வெள்ளத்துக்குப் பயந்துதான் ஏத்தினோம்.”

அவர் அருகில் போய் நன்றாகப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். மின்கம்பி அமைப்பு அண்மையில் மேம்படுத்தப்பட்டுள்ளது.

வடையை ருசித்துச் சாப்பிட்டார், நன்றி சொன்னார், பின்கதவு வழியாக ஆற்றோர வசதியையும் படம் எடுத்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான் குமாஸ்தாவாக இருந்தபோது நானும் கட்டங்களைத்தான் பார்த்தேன்.

வண்டி போன பிறகு மனைவி தட்டுகளை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தக் கோட்டுக்காகத்தான் ஆபீஸ்ல ஆள கூப்பிட்டீங்களா?”

“ம்.”

“என்கிட்ட சொல்லக் கூடாதா? அது கண்ணுல படுறப்பெல்லாம் தண்ணி இன்னும் அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கு. நீங்க பிரிக்பீல்ட்ஸ் போன ரெண்டு நாளும் நான் தனியா அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். முடியல. அதான் அடிச்சிட்டேன்.” அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். “என்னாலதான் கெட்டுப்போச்சா?”

விருந்தாளிக்காகத்தான் அடித்தாள் என்று எண்ணியிருந்த நான் வெட்கப்பட்டேன்.

“கெட்டுப்போகல. அந்தப் பொண்ணு எழுதிட்டாங்க. நான் எட்டிப் பாத்தேன். பின்சந்துல தடுப்புச் சுவர் கட்டுவாங்களாம்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

முடிவுக் கடிதம் வந்த அன்று தபால்காரரை நானே கேட்டிலேயே மடக்கினேன். வீடு சிறந்த நிலையில் பராமரிக்கப்படுகிறது, வெள்ளம் புகுந்ததற்கான அறிகுறி காணப்படவில்லை, ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. ஆக, இதற்குமுன் வெறுமனே பதிவில்லாத வெள்ளம், என் முயற்சியால் இப்போது இல்லை என்றே பதிவாகிவிட்டது. உயர்த்திய வரியை அன்றே கட்டிவிட்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன். கழகம் காகிதத்தில் ஒரு பொய் சொன்னது, நான் வீட்டில் வாயால் ஒன்று சொல்லியிருக்கிறேன். என்ன, என்னுடையதற்கு முத்திரை இல்லை.

அடுத்த வாரம் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. அடுப்படியிலிருந்து வந்த மனைவி பின்கதவுப் பக்கம் போகவில்லை. சோபாவில் சாய்ந்து, “சுவர் எப்ப கட்டுவாங்க?” என்று கேட்டாள். “டெண்டர் விடணும்ல” என்றேன். சரி என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. இத்தனை வருடங்களில் மழைச் சத்தத்தில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

நான் ஓசைப்படாமல் பின்கதவைத் திறந்தேன். தண்ணீர் கரையை எட்டிவிட்டிருந்தது, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. எந்த அளவு வந்தால் அவளை எழுப்ப வேண்டும் என்று தெரியாமல் நனைந்துகொண்டே நின்றேன்.