நாற்பதாம் பக்கம்

நீல்டா சோக்கே, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிறவள். முப்பத்து நான்கு வயதில் சரித்திரப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினாள். கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான்தான் தட்டச்சு செய்தேன். நாற்பதாம் பக்கத்தில் என் கை நின்றுவிட்டது.

எங்கள் ஊரின் பழைய சுரங்க விபத்தில் செத்த ஒன்பது பேரும் குடிபோதையில் உள்ளே இறங்கியவர்கள் என்று எழுதியிருந்தாள். ஒன்பதில் ஒருவர் அவளுடைய அப்பா.

"ஏண்டி, உங்கப்பா குடிப்பாரா?"

"தொடவே மாட்டாருன்னு அம்மா சொல்லும்."

"அப்புறம் என்ன எழவுக்கு இப்படி எழுதின?"

"உகார்த்தே சார் புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. அவர்தானே தேர்வுக் குழுத் தலைவர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பொலிவியாப் பிள்ளைகள் செய்கிற கூத்து இது. குழுவில் உட்காருகிறவரின் புத்தகத்தை எடுத்து, 'மிகச் சரியாகச் சொல்வதுபோல்' என்று போட்டு அப்படியே இறக்கிவிடுவார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு அடித்துக் கொடுத்தவள்தான். அதற்காகப் பெற்ற அப்பனைக் காவு கொடுத்தா பட்டம் வாங்குவது?

"இதை அடிக்க மாட்டேன். அவருக்கு யாருடி சொன்னாங்க? தேடிப் பாத்தியா?"

ஒரு வாரம் கடைப் பக்கமே வரவில்லை. வந்தபோது அவளுக்கு என்னைவிடக் கோபம்.

"அடிக்குறிப்புல கம்பெனி அறிக்கைன்னு போட்டிருக்காரு. அதைத் தேடிப் படிச்சேன். யாரு பாத்தாங்கன்னு ஒரு வரி இல்ல. சுரங்கத் தொழிலாளர் சங்கத்து ஆபீஸ்ல விளக்கறை நோட்டு கெடச்சுது."

சுரங்கத்தில் இறங்குமுன் ஒவ்வொருவருக்கும் விளக்கு கொடுக்கிற ஆள் வாயை முகர்ந்து பார்ப்பார். நாற்றமடித்தால் நோட்டில் பெயரை அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். விபத்தன்று காலை இரண்டு பேரின் பெயரை அடித்திருக்கிறார். அந்த ஒன்பது பேருக்கும் விளக்கு கொடுத்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தை அவள் புதிதாக எழுதினாள். முதலில் உகார்த்தேயைப் 'பொய்யர்' என்று எழுதி, தானே கோடு போட்டு அடித்தாள். "திட்டினா, அப்பாவுக்காக அழ வந்திருக்காள்னு சொல்லிடுவாரு. நோட்டு போதும்."

வாய்மொழித் தேர்வன்று நான் பின்வரிசையில் இருந்தேன்.

"இந்தப் பக்கத்தை எடுத்துடும்மா, தொண்ணூறு போடறேன்" என்றார் உகார்த்தே.

"தப்பு எங்க இருக்கு சார்?"

"உங்கப்பாங்கறதால பேசற."

"நோட்டு எங்கப்பா எழுதினது இல்ல சார்."

ஐம்பத்தொன்று போட்டார். ஒன்று குறைந்தால் தோல்வி. மனுஷனா அவன்?

அவள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அன்று மாலை நாற்பதாம் பக்கத்தை நீல்டா வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் முறைத்தாள்.

"முப்பது வருஷமா இதைத்தானே சொல்லிட்டிருக்கேன். நீயாவது கேட்டியா?"