நைனாவின் கெண்டைக்கால்

அக்காவின் குழந்தை தூளியில் அழுதபோதுதான் அது எனக்கு உறைத்தது. கட்டிலில் மல்லாந்து கிடந்த நைனா தூளிக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த வலது முன்கை மட்டும் இன்னும் ஏரியில் மீன் பிடிக்கிறவரின் கை. இடது கையைப் பார்த்தேன். வெறும் தோல் பை. குடலில் புற்றுநோய் என்று இரண்டு மாதமாகப் படுக்கை. நோய்தான் சதையைத் தின்கிறதென்றால் இரண்டு கையையும் அல்லவா தின்றிருக்க வேண்டும்?

வீட்டில் வேறு யாருக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. எழாது. எங்கள் குப்பத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கெண்டைக்காலை இரண்டு விரலால் அமுக்குவார்கள். நண்டில் சதை இருக்கிறதா, வெறும் தண்ணீரா என்று வியாபாரி அமுக்கிப் பார்ப்பானே, அதே அமுக்கு. உதட்டைப் பிதுக்கிவிட்டு, "மிஞ்சினதாவது இருக்கட்டும், அசையாத" என்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். சதை என்ன குடத்துத் தண்ணீரா, அசைந்தால் தளும்பிக் கொட்டிவிட?

இவர்களுக்கெல்லாம் தலைவர் என் தாய்மாமா. நைனா கொல்லைக்குப் போவதற்குக்கூட நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் அவர்தான். சாமி புறப்பாடு மாதிரி முன்னால் வழி விலக்கிக்கொண்டு நடப்பார். தூக்க மாட்டார்.

மெட்ராஸ் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். அடுத்த ஊசிக்கு வரும்போது நின்று நடக்கிற தெம்பு வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது, ஊசியை நிறுத்திவிடுவோம் என்று. இருபது நாள் இருந்தது. 'தெம்பு வரப் படுக்க வேண்டும்' என்று மாமா அர்த்தம் பண்ணிக்கொண்டார். பொன்னேரி காலேஜில் தவளைத் தொடையை அறுத்து, தசையைப் படம் வரைந்து மார்க் வாங்கிய நானும் அந்த நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கியவன்தான். மடத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அன்றே நைனாவைத் தோள் கொடுத்து நிற்கவைத்தேன். முழங்கால் வெடவெடத்தது. மாமா ஓடி வந்தார்.

"இன்னாடா பண்ற? ஆள சாவடிக்கிறியா?"

"படுத்துக்கினே இருந்தா காலு போயிடும் மாமா. தூளி இழுக்கிற கைய பாரு, எப்டி கீதுனு."

"நாலு எழுத்து படிச்சிட்டா டாக்டரா நீ? மச்சான், நீ படு."

நைனா படுக்கவில்லை. மூச்சு வாங்கியபடி, "தெனிக்கும் தூக்கினு போவ சொல்றியே மச்சான், ஒரு நாளாவது எறக்கி வுட்டுப் பாத்தியா?" என்றார். பிறகு என்னிடம், "எண்ணுடா."

பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா?" என்றார் மாமா, பந்தயத்தில் ஜெயித்த முகத்தோடு. விழுந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்.

எட்டாம் நாள் நைனா வாசல்வரை நடந்தார். கெண்டைக்கால் ஒன்றும் பருத்துவிடவில்லை. வாந்தி எடுத்த நாட்களில் நிற்கவும் முடியவில்லை. ஆனால் நாற்காலி மூலைக்குப் போய்விட்டது. "நான் படுக்கப் போட்டு காப்பாத்துனேன், அதான் நடக்கிறாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். வெட்கம் என்பது அவருக்குத் தெரியாத சரக்கு.

மெட்ராஸ் போக பஸ் படி ஏற வேண்டும். மணலில் கட்டிய எங்கள் வீட்டில் படி ஏது? மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாசலில் போட்டேன்.

நைனா காலால் தள்ளிப் பார்த்தார். "ஆடுது. கல்லு வெச்சி நிறுத்து. காலைல ஏறிப் பாக்கலாம்."