மறுபடி வருவீங்களா?

எங்கள் ஆஸ்பத்திரியில் வாசலை ஒட்டிக் கடைசியாக இருப்பது ஷஹீதாவின் மேசை. டாக்டரைப் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு, என் ஜன்னலில் மருந்து வாங்கித் திரும்பினால் அவர்தான் எதிரே உட்கார்ந்திருப்பார். நான் டோமினிக், மருந்து கொடுக்கிறவன். என் ஜன்னலுக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒரு இரும்பு பெஞ்சு மட்டும்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் அவர் பேசுவார், நான் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்பேன். ஏற்காட்டில் அவர் கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. வேறு யாரும் கேட்கவும் இல்லை.

அவர் கணவர் சிக்கந்தர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்வெட்டரும் குடையும் விற்றுக்கொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு கடையை வாடகைக்கு விட்டாகிவிட்டது. ஒரே மகன் அஜ்மல் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். ஓசூர் என்ன சீமையிலா இருக்கிறது? காலையில் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். வாராவாரம் போன் செய்து, "வரேம்மா, அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்" என்பான். வரமாட்டான். கெட்ட பையன் என்று சொல்ல முடியாது. அம்மா அங்கேயேதான் இருப்பாள், எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று நினைக்கிற ரகம். எனக்கு அந்த ரகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்குப் போனதும் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன் என்று ஒருநாள் சொன்னார். யாரோ கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம். கடை வாடகையில் ஒற்றை ஆள் பாடு கழிந்துவிடும். அவர் வேலைக்கு வந்தது மனுஷ முகம் பார்க்கத்தான்.

வேலை என்னவென்றால், வீட்டுக்குக் கிளம்புகிற நோயாளிகளிடம் ஆஸ்பத்திரி எப்படி இருந்தது என்று கேட்டு, சேலத்தில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு ஆப். முதலில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அழுகிற மூஞ்சியிலிருந்து சிரிக்கிற மூஞ்சிவரை வரிசையாக மஞ்சள் மூஞ்சிகள் வரும். ஷஹீதா அதை நோயாளி கையில் கொடுத்துவிடுவார். யார் கேள்வியைப் படித்தார்கள்? கூட வந்த குழந்தை சிரிக்கிற மூஞ்சியாகப் பார்த்து அமுக்கிவிட்டு ஓடும். எங்கள் கிளைக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான்.

ஒரு மழைக்காலத்தில் அந்த டேப்லெட் பேட்டரி ஊதி, கண்ணாடி தூக்கிக்கொண்டுவிட்டது. புதுசு இப்போதைக்குக் கிடையாது என்றது சேலம். அங்கிருக்கும் கம்ப்யூட்டர் பையன் வெங்கடேஷ், ஷஹீதாவின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டருக்குள் அங்கிருந்தபடியே நுழைந்து ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டான். கம்ப்யூட்டர் தன்னை போன் என்று நினைத்துக்கொள்ளுமாம். அத்தனை பெரிய திரையின் நடுவில் ஒல்லியாக ஒரு போன் வந்து நின்றது. இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. அந்த போனுக்குள் எங்கள் ஆப். சிக்னல் எந்நேரமும் முழுசாகக் காட்டியது. ஏற்காட்டில் அப்படி ஒரு போனை நான் பார்த்ததே இல்லை.

பாவம், அதுக்கும் அக்கம்பக்கம் யாருமில்ல என்று ஷஹீதா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் அந்தத் திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, மவுஸால்தான் அமுக்க வேண்டும். பேஷண்டுகள் பழக்கத்தில் திரையைக் குத்தினார்கள். ஷஹீதா முந்தானையால் விரல் தடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மவுஸைக் கையில் கொடுத்துப் பார்த்தார். நாகலூர் சின்னையன் அதைத் தூக்கித் திரையின்மேல் வைத்துத் தேய்த்தார். கடைசியில் வேறு வழி இல்லாமல், ஷஹீதா கேள்வியை வாயால் கேட்டு, வருகிற பதிலை அவரே அமுக்கத் தொடங்கினார்.

அதில் அவருக்கு உள்ளூர சந்தோஷம். ஒரு ஆளை எதிரில் உட்காரவைத்துப் பேச முடிகிறதே. டாக்டர் பொறுமையாகக் கேட்டாரா என்று கேட்டால், அவர்கள் மருமகள் பொறுமையாகக் கேட்பதில்லை என்பதிலிருந்து தொடங்குவார்கள். மிளகு காய்த்ததா, காட்டெருமை தோட்டத்தில் இறங்கியதா, எல்லாம் அந்த மேசைக்கு வந்து சேரும். கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் போன் எழுந்திருக்க ஒரு யுகம் ஆகும். அவர் அதற்குக்கூட அலுத்துக்கொண்டதில்லை. எதிரில் இருப்பவர் அதுவரை போகமாட்டாரே.

எல்லாம் கடைசிக் கேள்விவரைதான். "மீண்டும் எங்கள் மருத்துவமனைக்கு வருவீர்களா?"

நம் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன்தான். ஆஸ்பத்திரியில் மட்டும் அந்தச் சொல்லை எடுக்க மாட்டோம். நர்சும் போயிட்டு வாங்க என்று சொல்லமாட்டாள், நோயாளியும் வரேன் என்று சொல்லமாட்டான். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். டேப்லெட்டில் மூஞ்சியாக இருந்தபோது ஒருவருக்கும் உறைக்காத கேள்வி, ஷஹீதா வாயிலிருந்து வந்ததும் சாபம் மாதிரி விழுந்தது.

"ஏனுங்க, நல்ல வாயில அப்படிக் கேக்காதீங்க" என்றார்கள். "வரமாட்டேனுங்க" என்றார்கள். மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு வரும் சென்னம்மாள், அவருக்கு மேலே நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு, தலைக்கு மேல் கை கூப்பி, "இந்த வாசப்படிய இனி மிதிக்கவே கூடாது கண்ணு, வரமாட்டேன்னு நல்லா அழுத்திப் போடு" என்றார். ஷஹீதாவும் அழுத்திப் போட்டார். அழுகிற மூஞ்சி.

மதிப்பெண் குப்புற விழுந்தது. இருக்கிற கிளைகளில் எங்களுக்குத்தான் கடைசி இடம். சேலத்திலிருந்து ஐஸ்வர்யா மேடம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன்.

"எல்லாக் கேள்விக்கும் நல்லா சொல்றாங்க, ஆனா யாருமே திரும்பி வரமாட்டேங்கறாங்க. அங்க என்னங்க பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணும் இல்லீங்க மேடம். ஆஸ்பத்திரிக்கு வரேன்னு யாருங்க சொல்லுவாங்க?"

மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குப் புரியுதுங்க. எங்கம்மாவும் சொல்லமாட்டாங்க. ஆனா கேள்விய நான் மாத்த முடியாது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா அந்த மேசைய எடுத்துட்டு, எல்லாருக்கும் எஸ்.எம்.எஸ். லிங்க் அனுப்பிரலாம்னு பேசிக்கறாங்க."

போனை வைத்த பிறகு ஷஹீதா வெகுநேரம் திரையிலிருந்த அந்த ஒல்லிப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவர்மேலேயே காட்டினேன்.

"எல்லாத்துக்கும் சிரிக்கற மூஞ்சிய அமுக்கித் தொலைங்க ஷஹீதாம்மா. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"கையெடுத்துக் கும்புட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போறாங்கண்ணா. வரேன்னு நான் போட்டுட்டா, நாளைக்கே ஒண்ணுகெடக்க ஒண்ணாயிருச்சுன்னா? எனக்கு மனசு கேக்காதுங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கிற விதத்தை மாற்றிப் பார்த்தார். "உடம்புக்கு முடியாம இல்லீங்க, சும்மா வருவீங்களா?" என்றார். "சும்மா யாருங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?" என்றார்கள். "எங்ககிட்ட வருவீங்களா, வேற ஆஸ்பத்திரிக்குப் போவீங்களா?" என்று சின்னையனிடம் கேட்டார். அவர் பதறிப்போய், "ரெண்டும் வேண்டாஞ் சாமி" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஷஹீதாவும் சிரித்துக்கொண்டே அழுகிற மூஞ்சியை அமுக்கினார்.

அன்றைக்குத்தான் இதைச் சொன்னார்.

"வேடிக்கையைப் பாருங்கண்ணா. வரேன் வரேன்ங்கற எம்மவன் வர்றதே இல்ல. வரமாட்டேன்னு கும்புட்டுட்டுப் போற சென்னம்மா மாசந் தவறாம வந்து நிக்கறாங்க. எனக்கு வந்து சேர்ற சனமெல்லாம் வரமாட்டேன்னவங்கதான்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மாத்திரை அட்டையைத் தப்பான இடத்தில் கத்தரித்துவிட்டேன்.

மதிப்பெண் ஏறவில்லை, மேசையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஐஸ்வர்யா மேடம் நல்ல மனசோடு, சேலத்திலேயே போனில் பேசுகிற வேலை ஒன்று இருக்கிறது, வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஷஹீதா மறுத்துவிட்டார். காரணம் கேட்டேன்.

"திடீர்னு அஜ்மல் வந்தா ஊடு பூட்டிக் கெடக்குமேங்கண்ணா."

அந்தப் பையன் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன், மஞ்சள் மூஞ்சி எதுவும் இல்லாமல்.

கடைசி நாள் ஒரே பனிமூட்டம். வாசலுக்கு வெளியே நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியவில்லை, ஆட்களும் குறைவு. மத்தியானத்துக்கு மேல் சென்னம்மாள் வந்தார். மாத்திரை வாங்கிக்கொண்டு போய் வழக்கம்போல ஷஹீதா எதிரில் உட்கார்ந்தார். எல்லாக் கேள்வியும் முடிந்தது. கடைசிக் கேள்விக்கு, கேட்கும் முன்பே, "வரமாட்டேன் கண்ணு" என்றார்.

"நாளையிலிருந்து நானும் இங்க இருக்கமாட்டேனுங்கம்மா."

சென்னம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. ஷஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நொம்ப நல்லது கண்ணு. இந்த மருந்து வாசத்துல எத்தன நாளுதான் உக்காந்திருப்ப? ஊட்ல நிம்மதியா இரு."

அது வாழ்த்துதான், அந்தம்மா மனசாரச் சொன்னது. ஷஹீதா தலையை ஆட்டினார். சென்னம்மாள் பனியில் மறைகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்தார். நடுவில் நின்ற போன் முதலில் போனது, பிறகு திரை முழுக்கக் கறுப்பானது. முந்தானையால் கடைசியாக ஒருமுறை துடைத்தார். டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"சரிங்கண்ணா. போறேங்க."

எனக்குச் சுருக்கென்றது. "போறேன்னு சொல்லாதீங்க ஷஹீதாம்மா."

"ஆஸ்பத்திரியில வேற என்னன்னுங்கண்ணா சொல்றது?"

இத்தனை காலம் ஒரு பெஞ்சு தூரத்தில் உட்கார்ந்திருந்தவர் போகிறார். அவர் வாசல்படி இறங்கிக் குடையை விரித்துவிட்டார். அந்தக் குடை பனிக்குள் போய்விட்டால் டிவிச் சத்தம் கேட்கும் வீட்டுக்குத்தான் போகும், நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்று நினைத்ததும் என்னால் நிற்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். எங்க ஊட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு நாங்க ஊட்லதான் இருப்போம். எங்க ஊட்டம்மாவும் உங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கா. வருவீங்களா?"

அவர் திரும்பி நின்றார். எத்தனையோ பேரிடம் அவர் கேட்ட கேள்வியை அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. கண் நிறைந்துவிட்டது. குடைக் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சென்னம்மாள் மாதிரியே, குடையோடு சேர்த்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"வரமாட்டேங்கண்ணா" என்றார் சிரித்துக்கொண்டே. "நல்லா அழுத்திப் போட்டுக்கங்க."

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கூட வருகிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன்.