மேற்குக் கரைச் சிப்பி வீடும் ஒரு சங்கும்

டென்மார்க்கின் மேற்குக் கரையில் இருக்கும் சிப்பி வீட்டுக்குப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். நான் போனது 1985 ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை. ஊர் பார்க்கும் ஆசையில் போகவில்லை. ஹொல்ஸ்டெப்ரோ நகரில் என்னோடு ஒரே அறையில் இருந்த ராசன் கடல் பார்க்கப் புறப்பட்டான்; அன்று அவனைத் தனியே விட மனம் வரவில்லை.

ராசனின் அண்ணன் எங்கள் ஊர்ப் பக்கம் மயிலிட்டியில் இருந்து மீன்பிடிக்கக் கடலுக்குப் போய் ஆறு மாதமாகியும் திரும்பவில்லை. செத்தவீட்டுச் சடங்கைச் செய்து அண்ணியின் தாலியைக் கழற்றுவதா, இன்னும் காத்திருப்பதா என்பதை ராசன்தான் சொல்லவேண்டும். தகப்பன் இல்லாத வீடு. அன்று மதியம் ஒரு மணிக்கு அவன் எடுக்கப்போகும் அழைப்புக்காக அம்மாவும் அண்ணியும் தொலைபேசி உள்ள சந்திக் கடையில் வந்து நிற்பார்கள். காலைவரை அவன் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

ஐம்பது கிலோமீற்றர் தூரம். காலை எட்டரைக்கு பஸ், நடுவில் ஒரு மாற்றம், பத்தரைக்குச் சிப்பி வீடு இருக்கும் மீன்பிடி ஊர். நுழைவு ஐந்து குரோனர். சின்ன வீடுதான், ஆனால் சுவர், புகைபோக்கி, நாய்க்கூடு எல்லாம் சிப்பியும் சோழியும். தூரத்தில் வடிவு. கிட்டப் போனால் அத்தனை வாயும் நம்மைப் பார்த்துத் திறந்திருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரி எழுபது வயது விதவை. எங்களை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார். எல்லாம் கப்பலில் வேலை செய்த கணவர் கொண்டுவந்தவை என்றார். கடல் பக்கச் சுவரில் ஒரு வெண்சங்கு பதிந்திருந்தது. வாய் வெளியே, நுனி அறைக்குள்ளே. நுனியை அறுத்திருந்தார்கள்.

"மச்சான், இது ஆரோ ஊதின சங்கு," என்றான் ராசன். எங்கள் ஊர்ப் பக்கம் செத்தவீட்டில் ஊதும் சங்கும் அப்படித்தான் நுனி அறுபட்டு இருக்கும்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அது ஊதியது. மெல்ல, நீளமாக. நான் யன்னலால் பார்த்தேன். முற்றத்துக் கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது. கடலும் அப்படியே கிடந்தது.

கிழவி திடுக்கிடவில்லை. என் அரைகுறை டெனிஷுக்கு விளங்கியது இது: "காற்று இல்லாமல் ஊதினால் யாரோ உள்ளே வர நிற்கிறார்கள். திறந்துவிடவேண்டும்." எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தார். குளிர் வந்தது. வேறெதையும் நான் காணவில்லை. ஆனால் ராசன் வாங்கில் என் பக்கமாக நகர்ந்து, ஓர் ஆள் இருக்க இடம் விட்டான். கிழவி கதவைச் சாத்திவிட்டு, துணி எடுத்து வாசலடியைத் துடைத்தார். அங்கே ஈரம் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. பிறகு கோப்பி தந்தார்.

ஒரு மணிக்குத் துறைமுகத் தொலைபேசிக் கூண்டில் நான் சில்லறை போட்டுக்கொண்டு நின்றேன்.

"அம்மா, சடங்கு வேண்டாம். அண்ணையைக் கண்டனான்," என்றான். மற்றப் பக்கத்து அழுகை எனக்கே கேட்டது. "ஓம், இஞ்சைதான். பக்கத்திலை இருந்தவர். குளிரிலை நடுங்கினவர்." அத்தோடு சில்லறை முடிந்தது.

பஸ்ஸில் கேட்டேன்: "ஏனடா பொய் சொன்னனி?"

"ஆர் பொய் சொன்னது? நீயும் இருந்தனிதானே," என்றான்.

வீடு இன்னும் இருக்கிறது. கோடையில் மட்டும் திறப்பார்கள். வெயில் என்று நம்பாமல் காற்றுக்குத் தாங்கும் சட்டை கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். சங்கின் நுனியைச் சீமெந்தால் அடைத்துவிட்டார்கள்.

போன வருடம் ஊருக்குப் போனபோது அந்த அண்ணியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. தேத்தண்ணி தந்துவிட்டு, "நீங்களும் பக்கத்திலை இருந்தனீங்களாம். அவர் ஏதும் கதைச்சவரோ?" என்று கேட்டார்.

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்: "இல்லை அக்கா. கோப்பி வர முன்னமே வெளிக்கிட்டிட்டார்."