டெஸ்டில் பாஸான இஞ்சின்

என் அண்ணி ஐரீன் கோஸ்கி இருபத்திரண்டு வருடமாக அந்தப் பாலத்தை வேலை நாளெல்லாம் இரண்டு தடவை கடக்கிறாள். ஏரிக்கு மேலே ஐந்து மைல் நீளப் பாலம். வடகரையில் எங்கள் வீடுகள், தென்கரையில் ஆஸ்பத்திரி. அங்கே சலவைப் பிரிவில் அவளுக்கும் எனக்கும் வேலை. என் காரை விற்றதிலிருந்து நான் அவள் காரில்தான் போய்வருகிறேன். பாலத்தைக் கண்டு பயந்து, பாலத்து ஆளிடமே சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்து நாங்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. அதோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

கார் கம்பெனியின் கடிதம். இஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்துபோகலாம், ஓடும்போதே இஞ்சின் நின்றுவிடலாம், தீயும் பிடிக்கலாம். கொண்டுவந்தால் சோதித்துப் பார்த்து, கெட்டிருந்தால் இலவசமாகப் புது இஞ்சின் மாட்டித் தருவார்களாம். அண்ணி தபால் பெட்டி பக்கத்திலேயே பனியில் நின்று மூன்று தடவை படித்தாள். இலையுதிர் காலத்திலிருந்தே அந்த இஞ்சினில் டக் டக் என்று ஒரு சத்தம். அவளுக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. என் அண்ணன் வெய்னோவுக்கு மட்டும் கேட்கவில்லை. குளிரில் எல்லா வண்டியும் இருமத்தான் செய்யும் என்பான்.

சர்வீஸ் சென்டரில் மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கொடுத்தார்கள். அதுவரை ஓட்டலாம், வண்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள் என்றாள் போனில் பேசிய பெண். அந்தப் பாலத்தில் ஓரம் எங்கே இருக்கிறது? அண்ணனின் லாரி சாலையில் பனி வழிக்க எதிர்த்திசையில் போய்விடும். பஸ் கிடையாது.

அந்த மூன்று வாரம் நாங்கள் செத்துச் செத்துப் பிழைத்தோம். பாலம் தொடங்கும் இடத்தில் அண்ணி சீட் பெல்ட்டைக் கழற்றுவாள். தண்ணீரில் விழுந்தால் வெளியே வர வேண்டுமே. நான் முதல் நாள் திட்டினேன், இரண்டாம் நாள் நானும் கழற்றினேன். ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைப்பாள், மடியில் ஒரு சுத்தியல். நடுப் பாலத்தில் தரை வெறும் இரும்புச் சல்லடை. கீழே உடைந்த பனிக்கட்டிகளும் கறுப்புத் தண்ணீரும் தெரியும். பின்னால் மரம் ஏற்றிய லாரி ஒட்டிக்கொண்டு வரும். ஒரு நாள் அந்த இடத்தில் டக் டக் சத்தம் சட்டென்று நின்றது. இஞ்சின்தான் நின்றுவிட்டதென்று நான் கதவுப் பிடியைப் பற்றினேன். காற்று திசை மாறியிருந்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் சொன்னால், ஹீட்டரைப் போட்டு ஜன்னலையும் திறந்து ஏரியையே சூடாக்கப் போகிறாளா என்று அண்ணன் கேலி செய்தான்.

டெஸ்ட் நாளன்று காலையில் பாலத்தில் அடித்த காற்றில் இஞ்சின் சத்தமே காதில் விழவில்லை; வேலை முடிந்து நேரே தென்கரை சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டெல்மர் என்ற மெக்கானிக் வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டி, இஞ்சினை உறுமவிட்டுக் கேட்டான். பிறகு சிரித்த முகமாக வந்தான்.

"உங்க இஞ்சின் பாஸ்மா. மாத்த வேண்டியதில்ல."

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. சத்தம் கேட்குமே என்று அவனிடம் மன்றாடினாள். அவன் பானெட்டைத் திறந்து எங்களையே கேட்கச் சொன்னான். உண்மையாகவே சத்தம் இல்லை. திரும்பும்போது பாலம் வந்ததும் அவள் பெல்ட்டைக் கழற்றப் போய், பாதியில் கையை எடுத்தாள். இஞ்சினை நம்புவதா, தன் காதை நம்புவதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து காரை ஷெட்டில் விட்டபோது குப்பைத் தொட்டியில் இரண்டு காலி டப்பாக்களைப் பார்த்தாள். ஒன்று கெட்டி ஆயில், இன்னொன்று இஞ்சின் சத்தத்தை அடக்க ஊற்றும் மருந்து. முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் ஊற்றியிருக்கிறான்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு இது ஒரு வியாதி. பல் டாக்டரிடம் போகுமுன் அரைமணி நேரம் பல் தேய்ப்பார்கள். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் தலை குனிந்துகொண்டு சொன்னான்:

"ஆயில் எப்பவும் நான்தானே மாத்துறேன். சத்தத்தோட கொண்டுபோனா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? வண்டியப் பாத்துக்கத் தெரியாதவன்னு."

அண்ணி கத்தவில்லை. "சரி வெய்னோ. நான் ஏரிக்குள்ள போனப்புறம் ஊரே சொல்லும், வண்டிய நல்லா வச்சிருந்தான்னு."

அவன் எழுந்து ஷெட்டுக்குப் போனான். அந்தக் குளிரில் தரையில் படுத்து ஆயிலை இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றினான். சத்தம் திரும்பி வந்தது, முன்னைவிடப் பலமாக.

மறுநாள் அவன் லாரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். பாலத்தில் அவனே ஓட்டினான். அண்ணி பக்கத்தில், நான் பின்னால். நடுவில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

"இப்ப கேக்குதா?" என்றாள் அண்ணி.

"கேக்குது." அவன் ஒரு கையால் தன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். "ஐரீன், எனக்குப் பயமா இருக்கு."

அவன் அப்படிச் சொல்லி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

டெல்மர் இந்தத் தடவை ஐந்தே நிமிடத்தில் ஃபெயில் என்று எழுதினான். எழுதிவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்தான். நேற்றுச் சத்தமே இல்லாத இஞ்சின் இன்றைக்கு எப்படி இப்படி என்று கேட்டான். ஏதோ தில்லுமுல்லு என்று கம்பெனி புது இஞ்சினை மறுத்துவிட்டால் அண்ணி மறுபடி இதே வண்டியில் இதே பாலத்தைத்தான் கடக்க வேண்டும். அண்ணன் தொப்பியைக் கழற்றி, இரண்டு டப்பாக்களைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னான்.

டெல்மர் கோபப்படவில்லை. "இந்தக் குளிர்காலத்துல இப்படி ஊத்திட்டு வந்தவர் நீங்க மூணாவது. இஞ்சின் வரும், கவலப்படாதீங்க."

"மத்த ரெண்டு பேரும் உங்களத் தேடித் திரும்பி வந்தாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"ஒருத்தர் வந்தார். இன்னொருத்தரோட வண்டி மட்டும் வந்துச்சு."

அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். புது இஞ்சின் வரும்வரை ஓட்ட அவர்கள் கொடுத்த இரவல் காரின் சாவியை அண்ணிதான் வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் புது இஞ்சின் மாட்டித் தந்தார்கள். சத்தமே கேட்பதில்லை. ஆனாலும் பாலம் வந்ததும் அண்ணி இன்றுவரை கண்ணாடியை இரண்டு விரல் இறக்குகிறாள். அண்ணன் கேலி செய்வதை விட்டுவிட்டான். குளிர்காற்று படாமலிருக்க அவளுக்கு ஒரு தடித்த கம்பளி மஃப்ளர் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.