வால் இல்லாத தேள்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதிவேடு எழுதுவது என் வேலை. போன மழைக்காலத்தில், வாய்க்காலில் சில நாள் ஊறிக் கிடந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. முன்கையில் பச்சை குத்தியிருந்தது. மலைப் பெண்கள் எல்லார் கையிலும் இருப்பதுதானே என்று கிட்டே போய்ப் பார்க்காமல், 'கையில் பச்சை குத்தியுள்ளது' என்று மட்டும் எழுதினேன். யாரும் தேடி வராததால் புதைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு பெண் வந்தாள். தன் முன்கையை என் முன்னால் நீட்டினாள். புள்ளி புள்ளியாக ஒரு தேள், வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எங்க ஊட்டுப் பொண்ணுகளுக்கெல்லாம் தேளுதானுங்க. தங்கச்சி வலி தாங்காம பாதியிலயே கைய உருவிட்டு ஓடிட்டா. அவளுக்கு வாலு இல்லீங்க. நீங்க பாத்த கையில வாலு இருந்துச்சுங்களா?"

அது தேளா என்பதே எனக்குத் தெரியாது. கூட வந்த போலீஸ்காரர் அன்று பிணத்தை எடுத்திருந்த படத்தில் முகம் மட்டும்தான் இருந்தது. அவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வாலு இல்லீங்கம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. "அப்ப அவதானுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். புதைத்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். போலீஸ்காரர் ஃபைலை மூடினார்.

அதற்குப் பிறகு பஸ்ஸிலும் சந்தையிலும் பச்சை குத்திய கையைக் கண்டால் என் கண் தேளைத் தேடுகிறது. அந்தத் தங்கை எங்கோ உயிரோடு இருந்தால், அவளைத் தேட இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.