சொகமுங்க தொரை

என்னைப் பார்த்து யாராவது "சுகமா?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர் பாவம், வழியில் கண்டோமே என்று கேட்டிருப்பார். நான் "வந்த காரியத்தைச் சொல்லுங்கள்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். கிழவிக்கு வாய்க்கொழுப்பு என்று பதுளைக் கடைத்தெருவில் எனக்குப் பெயர். இருக்கட்டும். அந்தக் கேள்விக்கு உள்ளபடி பதில் சொன்ன ஒரே ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் சொன்னதை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அப்போது பதுளைக்கு ரயில் வந்திருக்கவில்லை. எல்ல என்ற ஊர்ப்பக்கத்து மலைச்சரிவில் சில தேயிலைத் தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதி. அதன் பெயர் வேண்டாம். என் அப்பா ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த கொஞ்சம் இங்கிலீஷையும், பாதிரியார் கொடுத்த கடிதத்தையும் பார்த்து என்னை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அந்த இங்கிலீஷை நான் படிக்காமலே இருந்திருக்கலாம்.

அங்கே வாளி எடுக்கிற வேலையில் ஓர் அக்கா இருந்தாள். நோயாளிகளின் மலவாளியைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டுக்கு அந்தப் பக்கம் குழியில் கொட்டி, கழுவிக்கொண்டு வர வேண்டும். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். புருஷன் செத்ததும், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் அவன் பேரில் இருந்த காம்பிராவை, அந்த ஒற்றை அறையை, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறையில் அவளும் நானும் இருந்தோம். அவளுக்கு வீடு என்று இருந்தது அந்த அறை ஒன்றுதான், அதுவும் வேலை இருக்கிற வரைக்கும்தான். என்னை 'இங்கிலீசுக்காரி' என்றுதான் கூப்பிடுவாள். ஈர விறகு புகைந்தால், "ஏ இங்கிலீசுக்காரி, நீ வந்து ஊது. தமிழுக்குப் பத்த மாட்டேங்குது" என்பாள்.

அந்த வருஷம்தான் கொழும்பிலிருந்து ஓர் இளம் வெள்ளைக்கார டாக்டர் வந்து இறங்கினார். தோட்டத்து ஜனங்களின் வயிற்றுப்பூச்சிக்கு இரண்டு வகை மருந்தைக் கொடுத்து, எது நன்றாகக் கேட்கிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. பூச்சி ரத்தத்தைக் குடித்து, ஆள் வெளிறி, மேடேறினால் மூச்சிரைக்கும் நோய் அது. சோகை என்று லயத்தில் சொல்வார்கள். தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, முதல் நாள் பட்டினி, பேதி உப்பு, மறுநாள் மருந்து, திரும்பவும் உப்பு. அதன் பிறகு வாளிதான், வாளிதான். இரண்டு பெண்கள் தூக்கினார்கள். அதில் அக்கா ஒருத்தி.

வார்டுச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். மண்ணில் கிடக்கும் புழு வெறுங்காலில் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற படம். செருப்புப் போடாமல் வெளிக்குப் போகாதே என்று ஜனங்களுக்கு நான்தான் அதைக் காட்டிப் படித்துச் சொன்னேன். வாளி எடுக்கிறவர்கள் மட்டும் செருப்புப் போடக் கூடாது. துரைமார் நடமாடுகிற இடம், மரியாதை இல்லையாம். பக்கத்திலேயே அந்த இரண்டு பெண்களும் வெறுங்காலோடு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்புக்கூட வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வரவில்லை.

அந்த டாக்டர் துரையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. நோயாளியின் கட்டிலருகே குனிந்து நின்று பேசுவார். ஒரே ஒரு தமிழ் வார்த்தையைப் பெரிய பிரயத்தனத்தோடு கற்றுக்கொண்டிருந்தார்: "சுகமா?" மற்றதையெல்லாம் மொழிபெயர்க்க நான். அவர் கையில் ஒரு நீளமான தாள். அதில் மூன்று பத்தி. சுகம், கொஞ்சம் சுகம், சுகமில்லை. மருந்து குடித்துப் போனவர்களை இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரவழைத்து, வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்து, அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்பார். எங்கள் ஆஸ்பத்திரியின் யாழ்ப்பாணத்து டாக்டரை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றுவிட்டார். வைத்தியம் பார்த்தவர் முன்னால் ஜனங்கள் நிஜத்தைச் சொல்லக் கூச்சப்படுவார்களாம். அவ்வளவு நியாயஸ்தர்.

தோட்டத்துக்காரனைப் பார்த்து ஒரு துரை "சுகமா?" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சொகமுங்க தொரை, ஒங்க புண்ணியத்துல" என்பான். காய்ச்சலில் கொதித்தாலும் அப்படித்தான். அது பதிலே இல்லை, கும்பிடு. துரை ஒவ்வொரு கும்பிடையும் முதல் பத்தியில் எழுதிக்கொண்டார். மூன்றாவது பத்தி வெள்ளைவெளேரென்று கிடந்தது.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவன் அப்படிச் "சொகமுங்க" சொல்லிவிட்டுத் திரும்பியவன், வராந்தாப் படியிலேயே மயங்கி விழுந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. துரையிடம் போய், "சார், அவர்கள் உங்களுக்கு மரியாதை சொல்கிறார்கள். உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை" என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நான் கேட்டேன், அவன் சொன்னான். மூன்றாவது ஆள் நினைப்பதை எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது" என்றார். அன்று சாயங்காலமே தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அம்மா என்னைக் கூப்பிட்டு, கேட்டதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும், வியாக்கியானம் செய்ய வேறு ஆள் பார்த்துக்கொள்ள முடியும் என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் அக்காவும் வெளிற ஆரம்பித்திருந்தாள். நகக்கண் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. வாளியோடு மேடேறும்போது பாதியில் நின்று, காட்சியைப் பார்ப்பவள் போல எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "என்னக்கா, அங்க என்ன தெரியுது?" என்றால், "ஒங்கப்பன் ஆட்டுக்கால் சூப்பு வைக்கிறாரு, அதான் பாக்குறேன்" என்பாள். மருந்து வேலையாட்களுக்குக் கிடையாது, பட்டியலில் பேர் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். உடம்பு நைந்தவர்களுக்கு டாக்டர் நெஞ்சைப் பார்க்காமல் அதைக் கொடுக்கவும் கூடாது.

துரை திரும்பிப் போவதற்கு முதல் நாள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றார். எங்களை எல்லாம் வராந்தாவில் நிறுத்தினார்கள். அதற்கு முந்தின மாதம்தான், துணி துவைக்கிற பெண் கால் வீங்குகிறது என்று மேட்ரனிடம் சொன்னாள். ஓய்வு எடுத்துக்கொள் என்று அனுப்பினார்கள். ஓய்வுக்குப் போனவளுக்குத் திரும்பி வர வேலை இருக்கவில்லை. அதனால் காலையிலேயே அக்காவைப் பிடித்துச் சொன்னேன்.

"அக்கா, சொகம்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாத."

"அந்தத் தொர நல்ல மனுசன் புள்ள. குனிஞ்சு நின்னுல்ல பேசுறாரு."

"நல்ல மனுசன் நாளைக்குப் போயிருவாரு. மேட்ரன் இங்கதான் இருப்பா."

"பாப்போம்" என்றாள்.

எல்லோரும் வரிசையாகச் சுகம் சொன்னோம். நானும் சொன்னேன். அக்காவின் முறை வந்தது. துரை குனிந்து, "சுகமா?" என்றார். அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சொகமில்லீங்க தொர. மேட்டுல ஏற மூச்சு வாங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. பொழுது சாஞ்சா காலு பொதபொதன்னு வீங்கிருது. சொல்லவே வெக்கமா இருக்குங்க, செவுத்து மண்ணச் சொரண்டித் திங்கிறேன். வேணாம் வேணாம்னாலும் கை போயிருது. அந்தப் பூச்சி மருந்த எனக்கும் ஒரு தரம் குடுங்க தொர. நான் செத்துப் போயிருவேன்னு பயமா இருக்கு."

மண் தின்கிறாள் என்பது ஒரே அறையில் படுக்கிற எனக்கே தெரியாது. துரை என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். அவருக்குப் பின்னால் மேட்ரன் நின்றாள். அவள் அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சுகமாக இருக்கிறாளாம், சார்" என்றேன்.

"இவ்வளவு நீளமாகவா?"

"உங்களுக்கு நன்றி சொல்கிறாள்."

துரையின் முகம் மலர்ந்துபோயிற்று. அக்காவுக்குக் கைகூப்பிவிட்டு, முதல் பத்தியில் எழுதிக்கொண்டார். அவர் எழுதுவதை அக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் பண்டாரவளைக்குப் போய் ரயிலேறிவிட்டார்.

அவள் வேலையையும் அறையையும் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் பாதி நிஜம். மேட்ரனின் பார்வைக்குப் பயந்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பது மற்ற பாதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் என்னைக் கேட்காதீர்கள்.

அதன் பிறகுதான் உண்மையான தண்டனை. அக்கா சந்தோஷமாக இருந்தாள். "இங்கிலீசுக்காரி, எல்லாத்தையும் சொன்னேல்ல? மண்ணு திங்கிறதையும் சொன்னியா? அவரு சிரிச்சாரே, கேவலமா நெனச்சிருப்பாரோ?" என்பாள். "இல்லக்கா, நெனைக்கல" என்பேன். "மருந்து எப்ப வரும்?" என்பாள். "கொழும்புல இருந்து வரணும்க்கா" என்பேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் கொடுத்துக்கொண்டே போனேன். என் பங்குப் பாலை அவளுக்கு ஊற்றினேன். அவள் அதைக் குடித்துவிட்டு என் தலையைத் தடவுவாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கும்.

யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம். அவர் அறை வாசல் வரை இரண்டு தரம் போனேன். சொன்னால், வராந்தாவில் நான் என்ன சொன்னேன் என்பதும் வெளியே வரும். திரும்பி வந்துவிட்டேன்.

வடகிழக்கு மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு காலை, மேட்டில் வாளியோடு விழுந்துவிட்டாள். தூக்கி வந்து பெண்கள் வார்டில் போட்டோம். டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார்.

"எவ்வளவு நாளா இப்பிடி? ஏன் ஒருதரிட்டையும் சொல்லேல்லை?"

"சொன்னேங்களே ஐயா. கொழும்புத் தொரகிட்ட எல்லாந்தான் சொன்னேன். இந்தப் புள்ளதான் இங்கிலீசுல எடுத்துச் சொல்லிச்சு."

துரை விட்டுப்போன தாளின் நகல் டாக்டரிடம் இருந்தது. எடுத்து வரச் சொல்லிப் பார்த்தார். அவள் பேருக்கு நேரே இருந்ததைப் படித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நெஞ்சு இப்படி இருக்கும்போது பூச்சி மருந்து கொடுக்க முடியாது, கொஞ்சம் தேறட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தேறுவாள் என்று அவர் குரலில் இல்லை.

அந்த ஆராய்ச்சி பிறகு புத்தகமாக அச்சாகி வந்தது. மேட்ரன் மேசையில் கிடந்ததை எடுத்துப் புரட்டினேன். ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லோரும் நல்ல தேகநிலையோடும் திருப்தியோடும் இருப்பதாக அதில் இருந்தது. அடிப் பாவி, அதை எழுதினது யார் என்று நினைக்கிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அக்கா விழுந்த அன்று மத்தியானம், டாக்டர் போனதும் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தக் காயிதத்துல என்ன இருக்கு?"

இதற்கு மேலும் பொய் சொல்ல எனக்குச் சக்தி இல்லை.

"சொகம்னு இருக்குக்கா."

"நான் அப்பிடிச் சொல்லலியே."

"நான் சொன்னேன்."

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "அம்புட்டு நேரம் நான் பேசுனதுக்கு?" என்றாள். "அம்புட்டுக்கும் அந்த ஒரு வார்த்தையா?"

வேலை போயிரும்னு பயந்துதான்க்கா, ஒனக்குப் போக்கிடம் இல்லைன்னுதான்க்கா என்று அழுதேன். காலைப் பிடித்தேன். வீக்கத்தில் என் விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். அவள் என்னைப் பார்க்காமல், பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஒடிந்து கிடந்த, கொழுந்து பறிக்கிற கொழுந்துக்காரி பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க. எனக்குக் கஞ்சி வேணாம். சமையக்கார அம்மாவ வரச் சொல்லணும். அவங்க கையால குடுத்தா குடிப்பேன்னு சொல்லுங்க."

கொழுந்துக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவள் சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அக்கா அதன் பிறகு நாலு நாள் இருந்தாள். நாலு நாளும் அப்படித்தான் பேசினாள்.